முதல் தோட்டா எங்கே விழுகிறது: ஒரு வேட்டை ரைஃபிளுடன் ஆறு வருடம்

என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் ரகத் தோட்டா போடும், ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். குழலைத் தாங்கும் மரக்கட்டை, மெல்லிய குழல், மேலே 3-9 மடங்கு பெருக்கும் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி). ஆறு வருடமாக இது ஒன்றைத்தான் சுடுகிறேன். வாங்கிய புதிதில் 100 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டால் குரூப்பிங், அதாவது துளைகள் சிதறும் அகலம், 70, 80 மில்லிமீட்டர் விரியும். இப்போது பெரும்பாலும் 30க்குப் பக்கத்தில் நிற்கிறது. அதாவது ஏறக்குறைய ஒரு எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் 60ல் ஒரு பங்குக் கோணம்; 100 மீட்டரில் அது 29 மி.மீ.) குழலும் விசையும் வந்தபடியேதான் இருக்கின்றன.

முதல் வருடத்தை வீணாக்கினேன். ஒரே வாரத்தில் தோட்டாவையும் மாற்றுவேன், ஸ்கோப் வளையத்தையும் மாற்றுவேன். பலன் எதனால் வந்தது, கெடுதல் எதனால் வந்தது என்று பிரித்தறிய வழியே இல்லை. அதைவிடப் பெரிய தவறு, மூன்று தோட்டாவை நம்பியது. மூன்றும் ஒட்டி விழுந்துவிட்டால் உடனே ஸ்கோப்பைத் திருகுவேன். மறுநாள் குறி வேறு பக்கம் போயிருக்கும். இப்போது நான்கு தனித்தனி நாட்களில் ஐந்தைந்து தோட்டா சுட்டு, அந்த 20 துளைகளின் நடு எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகுதான் கை வைக்கிறேன். என் ஸ்கோப்பில் ஒரு கிளிக் (குறியை நகர்த்தும் குமிழின் ஒரு படி) கால் எம்.ஓ.ஏ., 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. 20 துளைக்குப் பிறகு இரண்டு கிளிக்குக்கு மேல் தேவைப்பட்டதே அபூர்வம்.

பெரிய முன்னேற்றம் கட்டையிலிருந்து வந்தது. மழைக்காலம் வந்தால் குரூப்பிங் முழுவதும் இடப்பக்கம் மேலே நகரும். வெயில் காலத்தில் திரும்பி வரும். ஒரு நாள் காகிதத் துண்டை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து நான்கு விரல் தூரத்தில், வலப்பக்கம் சிக்கியது. மரம் ஈரத்தைக் குடித்து உப்பி, குழலைத் தள்ளிக்கொண்டிருந்தது. வெடிக்கும்போது குழல் அதிரும். அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் தோட்டா ஒரே இடத்துக்குப் போகும். துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் கட்டையில் குழல் படியும் கால்வாயைத் தேய்த்து அகலமாக்கி, உள்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசினார். உள்பக்கம் அதுவரை வெறும் மரமாகவே இருந்திருக்கிறது! கூடவே, பின்னுதைப்பைத் தாங்கும் இரும்புக் குமிழைச் சுற்றி எபாக்ஸி ஊற்றி, ரைஃபிள் அசையாமல் உட்காரப் படுக்கை அமைத்துத் தந்தார். அந்த ஒரு வேலையில் 70 என்பது 45 ஆனது.

பிறகு திருகுகள். கட்டையையும் ரைஃபிளையும் இணைக்கும் இரண்டு திருகுகளைக் கை உணர்வில் முறுக்கிக்கொண்டிருந்தேன். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கி, கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு முறுக்கி, திருகுத் தலையிலிருந்து உலோகத்துக்கு மெல்லிய வண்ணக்கோடு ஒன்று இழுத்துவிட்டேன். கோடு விலகினால் திருகு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்கோப் வளையத் திருகுகளுக்கும் இதேதான்.

தோட்டாவைப் பற்றிச் சுருக்கமாக: 150, 165, 180 கிரெயின் (தோட்டாவின் எடையைச் சொல்லும் அலகு) என மூன்று எடைகளைப் பார்த்தேன். என் குழலுக்கு 165 ஒத்துப்போனது. அதே ரகத்தை, முடிந்தவரை ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்கி வைக்கிறேன். உங்கள் குழலுக்கு வேறொன்று ஒத்துப்போகலாம், சுட்டுத்தான் பார்க்க வேண்டும். மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும், நான்காவது தோட்டாவிலேயே குறி நகரத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே கை வைத்துப் பார்த்து, ஆறிய பிறகே அடுத்தது.

இரண்டாவது வருடம் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மான், 120 மீட்டர்கூட இருக்காது. தோட்டா நினைத்த இடத்திலிருந்து விலகிப் பட்டது. ரத்தத் தடம் பிடித்து அதைக் கண்டுபிடித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அன்று காலையில்தான் குழலைத் துடைத்து, எண்ணெய் விட்டுக் கிளம்பியிருந்தேன். அந்தப் பிராணி பட்ட வேதனைக்கு நான்தான் காரணம்.

அதற்குப் பிறகு ஒரு தனி அட்டை வைத்திருக்கிறேன். பயிற்சிக்குப் போகும் நாளெல்லாம், குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் தோட்டா மட்டும் அதில் விழும். பக்கத்தில் தேதியும், குழல் துடைத்ததா துடைக்காததா என்பதும் எழுதுவேன். காட்டில் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு தோட்டாதான், ஐந்தின் சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பத்துத் துளை சேர்வதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. எண்ணெய்க் குழலின் முதல் தோட்டா 35 மி.மீ. வரை மேலே போகிறது. இப்போது துடைத்தால் எண்ணெயைத் துணியால் முழுக்க உலர எடுத்துவிட்டு, மூன்று தோட்டா சுட்டுக் குழலைப் பழக்கிய பிறகே வேட்டைக்கு எடுக்கிறேன். துடைப்பதும் பின்பக்கத்திலிருந்துதான், துடைக்கும் கம்பி குழல் வாயின் விளிம்பில் உரசினால் அந்தக் குழலின் துல்லியம் கெடும்.

மீதி என் உடம்பில் இருந்தது. கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் வெவ்வேறு உயரத்தில் பதிந்தது. 100 மீட்டருக்கு நிலையாக வைக்கப்பட்ட என் ஸ்கோப்பில், கண் நடுவிலிருந்து விலகினால் மற்ற தூரங்களில் குறி விலகித் தெரியும். வீட்டில் தோட்டா இல்லாததை இரண்டு முறை சரிபார்த்து, பாதுகாப்பான திசையில் நீட்டி, தினமும் 15 முறை வெறும் விசை இழுக்கிறேன். மேசையில் 30 மி.மீ. சுடும் இதே ரைஃபிள், உட்கார்ந்து ஊன்றுகோலில் வைத்துச் சுட்டால் 150 மீட்டரில் 15 சென்டிமீட்டர் தட்டுக்குள் ஐந்தையும் வைக்கிறது. 170 மீட்டரில் ஒன்று வெளியே போய்விடுகிறது. ஆகவே என் எல்லை 150 மீட்டர்.

அட்டையில் இப்போது 43 துளைகள். கடைசி 20ல் இரண்டைத் தவிர எல்லாம் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள். அந்த இரண்டும் பலத்த காற்றடித்த நாட்கள். இந்த வருடம் காற்றைப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.