மோனல் என்று சொல்லி அலுமினிய ரிவெட் அடித்துவிட்டார்: லங்காவியில் பழைய படகு வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

என்னுடையது 1978-இல் கட்டிய 29 அடிப் பாய்மரப் படகு. பாய்மரம் அலுமினியம். அதன் நடுவில் கை விரித்தாற்போல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்குமே, ஸ்பிரெடர், அதைத் தாங்கும் எவர்சில்வர் பிடிமானங்களைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. சுரண்டினால் வெள்ளை மாவாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீரில் இந்த இரண்டு உலோகமும் ஒட்டிக்கிடந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

ஒருவர் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் கழற்றி, டெஃப்-ஜெல் பூசி, மோனல் ரிவெட் அடிச்சுத் தர்றேன் அங்கிள்" என்றார். டெஃப்-ஜெல் என்பது இரண்டு உலோகத்துக்கும் நடுவே பூசும் அரிப்புத் தடுப்புப் பசை; மோனல், துருப்பிடிக்காத உலோகக் கலவை. கூலி 4,200 வெள்ளி (ரிங்கிட்). நான் ஈப்போ போய்வந்த மூன்று நாளில் வேலை முடிந்துவிட்டது. மேலே இடைவெளியை அடைக்கும் சீலண்ட் பசையைப் பளிச்சென்று வழித்துவிட்ட படம் வந்தது, மீதிப் பணத்தையும் போட்டுவிட்டேன். சீலண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எந்தப் படம் காட்டும்? அவர் பெட்டியில் இருந்ததும் ஒரு கையால் அழுத்துகிற சின்ன ரிவெட் கருவி. 4.8 மி.மீ. மோனலை அதை வைத்து அடித்தால் மணிக்கட்டு போய்விடும். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து, ஒரு மழைக்குப் பிறகு, பிடிமானத்துக்குக் கீழே பழுப்புக் கோடு வழிந்திருந்தது. மோனல் நிக்கலும் செம்பும் சேர்ந்தது, அது இப்படித் துருப்பிடிக்காது. வேறு ஆளை வைத்துப் பாய்மரத்தை இறக்கி, சீலண்டைச் சுரண்டினோம். பதினாறில் பதினொன்று சாதாரண அலுமினிய ரிவெட், உள்ளே இருந்த இரும்பு ஆணித்துண்டு துருவேறிக் கிடந்தது. மிச்சம் ஐந்தும் பழைய ரிவெட்டே, மேலே பெயின்ட்! அதாவது பிடிமானத்தைக் கழற்றவே இல்லை. அப்புறம் எங்கிருந்து டெஃப்-ஜெல்? ஒன்றை நகத்தால் நெம்பினேன், தலை மட்டும் கையோடு வந்தது. இதை நம்பித்தான் இரண்டு வாரம் முன்பு மனைவியோடு பினாங்கு வரை போய்வந்தேன்.

போன் செய்தால், "பழைய படகு அங்கிள், எதுதான் தாங்கும்?" என்கிறார். 'மோனல்' என்று அவரே எழுதிக் கொடுத்த ரசீதைப் படமெடுத்து அனுப்பினேன். அதோடு போனை எடுப்பதில்லை.

துளைகள் அகன்றுவிட்டதால் இப்போது செலவு இரட்டிப்பு. புது ஆளிடம், ரிவெட் அடித்ததும் சீலண்ட் குழாயைத் தொடாமல் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கழற்றிய பழைய பதினாறும் எண்ணிக் கையில் வந்தால்தான் பணம்.