கம்பி பிரேக்கா, ஒயர் பிரேக்கா?

அந்தக்கால 28 இஞ்ச் சைக்கிளில் ஹேண்டில்பாரிலிருந்து இரும்புக் கம்பிகள் இறங்கி, பிரேக் கட்டையை ரிம்மின் உட்பக்கத்தில், போக்ஸ் கம்பிகள் முளைக்கும் பக்கமாக, மேலே இழுத்துப் பிடிக்கும். ஒயர் பிரேக்கோ ரிம்மை இரு பக்கமும் இடுக்கிபோல் கவ்வும்.

வித்தியாசம் தெரிவது கோட்டத்தில், அதாவது ரிம் வளைந்து சக்கரம் நேராகச் சுற்றாதபோதுதான். சக்கரம் பக்கவாட்டில் லேசாக ஆடினாலும் கம்பி பிரேக் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஒயர் பிரேக்கில் கட்டை உரசும், கோட்டம் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் ரிம் பள்ளத்தில் விழுந்து மேடுபள்ளமானால் கம்பி பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கும்.

கம்பி பிரேக்கின் தொந்தரவு பின்சக்கரத்தில். செயின் தளர்ந்ததென்று சக்கரத்தைப் பின்னே தள்ளினால் கட்டையின் இடைவெளியும் மாறிவிடும். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, ரிம்முக்கும் கட்டைக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் விட்டு முடுக்க வேண்டும். ஒயரில் திருகைக் கையால் திருகினாலே போதும்.

சீட்டில் ஏறாமல் பாருக்கு அடியில் காலை விட்டு மிதித்து, குரங்குப் பெடல் போடும் பிள்ளைக்கு இடது பிரேக் மட்டுமே எட்டும். கம்பி பிடி கனமானது, சின்ன விரல்களுக்குச் சிரமம். ஒயர் மென்மை, ஆனால் உறைக்குள் துருவேறினால் இறுகும். புரி பிரிய ஆரம்பித்தால் உடனே மாற்றிவிடுங்கள். மழையில் குரோம் ரிம்மோடு இரண்டும் வழுக்கும்.

லேசான கோட்டத்தைப் பொறுத்துக்கொள்வதால் மண்சாலைக்குக் கம்பிதான்.