ஸ்வெர்வ் மாட்யூல்: ஒற்றை கியரா, இரட்டை கியரா?

ஸ்வெர்வ் மாட்யூல் என்பது ஓட்டவும் திசை திருப்பவும் தனித்தனி மோட்டார் கொண்ட சக்கரத் தொகுதி; ஒரு ரோபோவில் நான்கு இருக்கும். மைதானத்தைச் சட்டென்று கடக்க வேகம் வேண்டும். எதிரணி ரோபோ மறித்து நின்றால் தள்ள விசை வேண்டும். ஓடும்போதே மாறும் இரண்டு கியரை நான்கு மாட்யூல்களிலும் வைத்துவிட்டால் இரண்டும் கிடைக்கும் என்ற யோசனை கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எஃப்ஆர்சி (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) அளவு ரோபோவுக்குக் கணக்குப் போட்டால் விடை வேறு மாதிரி வருகிறது.

பம்பர், பேட்டரி எல்லாம் சேர்த்து ரோபோவின் எடை 68 கிலோ, தரைவிரிப்பில் உராய்வுக் கெழு 1.1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரம் வழுக்காமல் தரக்கூடிய விசை சுமார் 183 நியூட்டன். 4 அங்குலச் சக்கரத்தில் இது 9.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பலரும் போடும் 6.75:1 விகிதத்தில் (மோட்டார் 6.75 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று; எம்கே4 என்ற மாட்யூலில் எல்2 எனப்படும் தேர்வு) மோட்டாரிடமிருந்து தேவைப்படுவது 1.4 நியூட்டன் மீட்டர்தான். இன்று பலரும் போடும் க்ராக்கன் எக்ஸ்60 மோட்டாரின் நின்றநிலை முறுக்குவிசை, அதாவது சுழலாமல் நிற்கும்போது அது தரக்கூடிய உச்சம், 7.09. அதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தாலே சக்கரம் வழுக்க ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் எந்த கியர் போட்டாலும் தள்ளும் விசை கூடாது. எல்லை போடுவது மோட்டார் அல்ல, தரை.

அப்படியானால் 12:1 போன்ற தாழ் கியர் எதைத் தருகிறது? சூட்டைக் குறைக்கிறது. வழுக்கும் எல்லையில் தள்ள 6.75-இல் மோட்டாருக்குள் சுமார் 71 ஆம்பியர் ஓடும். 12:1-இல் 40 போதும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இது உண்மையான லாபம்தான். ஆனால் சுமார் இரண்டரை நிமிட ஆட்டத்தில் ஒரு தள்ளுமுள்ளு சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. ஒன்றை மறந்துவிடக் கூடாது: மோட்டாருக்குள் 71 ஆம்பியர் ஓடுகிறது என்றால் பேட்டரியும் அவ்வளவு தருகிறது என்று பொருள் இல்லை. நின்ற நிலையில் தள்ளும்போது ஒரு மோட்டார் பேட்டரியிலிருந்து இழுப்பது சுமார் 14 ஆம்பியர்.

முடுக்கத்திலாவது தாழ் கியர் கைகொடுக்குமா என்று பார்த்தால், அங்கே இன்னும் ஏமாற்றம். பேட்டரியின் உள்மின்தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், 6.75 விகிதமே வினாடிக்கு சுமார் 2 மீட்டர் வேகம் வரை சக்கரத்தை வழுக்கும் எல்லையில் வைத்திருக்கும். 12:1 அதற்குச் சற்று முன்பே அந்தத் தெம்பை இழக்கிறது. சுமையே இல்லாவிட்டாலும் அதன் உச்ச வேகம் 2.7 மீட்டர்தான். 6.75-இல் அந்த 2 மீட்டர் வேகத்துக்கு மேல் மோட்டார்களைக் கட்டிப்போடுவது பேட்டரி. நான்கு மோட்டாரும் சேர்ந்து 240 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட் 8-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கியர் மாற்றினால் பேட்டரி பெரிதாகாது.

எஃப்ஆர்சியில் முன்பு பரவலாக இருந்த சிம் மோட்டாரின் காலத்தில் நிலைமை வேறு. அதன் உச்சத்திறன் 337 வாட்; க்ராக்கனுக்கு 1,100 வாட்டை ஒட்டி. மாட்யூலுக்கு ஒரு சிம் என்றால் சக்கரத்தை வழுக்கவைக்கவே அதன் நின்றநிலை முறுக்குவிசையில் பாதிக்கு மேல் போய்விடும், வேகம் ஏறும்போது மிச்சம் எதுவும் இருக்காது. அன்று இரண்டு கியர் வைத்தவர்கள் சரியான காரணத்தோடுதான் வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் காரணம் போய்விட்டது.

இனி இரட்டை கியரின் விலை. நான்கு மாட்யூலும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். ஒன்றில் மட்டும் டாக் கியரின் (பற்கள் கோத்துப் பூட்டிக்கொள்ளும் கியர்மாற்றி) பல் பல்லோடு முட்டி நின்றால் அந்தச் சக்கரம் சும்மா சுழலும், ரோபோ ஒரு பக்கம் இழுக்கும். காற்றழுத்தத்தில் மாற்றுவதென்றால் கம்ப்ரஸர், தொட்டி, ரெகுலேட்டர், சோலனாய்டு எல்லாம் எடையாக ஏறுகின்றன. சர்வோ இலகுவானது, ஆனால் மெதுவானது. மென்பொருளில் வரும் சிக்கல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓட்டும் தண்டு ஸ்டீயரிங் அச்சின் நடுவே இறங்கும் மாட்யூலில், ஓட்டும் மோட்டார் அசையாமல் இருந்தாலும் திசை திருப்பும்போது சக்கரம் கொஞ்சம் உருளும். அதைச் சரிக்கட்டும் விகிதம் கியருக்குக் கியர் மாறும். எந்த கியரில் இருக்கிறோம் என்பதை நிரல் ஒரு கணம் தவறாக நினைத்தாலும் ரோபோ தன் இருப்பிடத்தைத் தவறவிடும். ஓட்டுநர் இல்லாமல் ரோபோ தானே ஓடும் தானியங்கிப் பகுதியில் அது நேரடியாகப் புள்ளி இழப்பு.

எல்1-இன் 8.14-இலிருந்து எல்4-இன் 5.14 வரை கியர்களை ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிப்போடும் வழி இருக்கிறது. வேலை பிடிக்கும், ஆனால் மைதானத்தில் எதுவும் உடையாது. என் வாக்கு இதற்குத்தான்: ஒற்றை விகிதம், நிரலில் ஸ்டேட்டர் (மோட்டாருக்குள் ஓடும்) மின்னோட்டத்துக்கு வரம்பு, கூடவே பேட்டரி மின்னோட்ட வரம்பு.

சிறிய மோட்டார்களை மட்டுமே அனுமதிக்கும் போட்டி என்றால் இரட்டை கியர் மீண்டும் அர்த்தம் பெறும். அப்போது கியர்மாற்றியை ஸ்டீயரிங் அச்சுக்கு முன்னால், மோட்டார் பக்கம் வையுங்கள். கியரை நகர்த்தும் சிலிண்டரோ சர்வோவோ ரோபோவின் சட்டகத்தோடு நிலையாக நிற்கும். திரும்பும் பகுதிக்குள் காற்றுக் குழாயைக் கொண்டுபோகச் சுழலும் இணைப்பு தேடி அலைய வேண்டியதில்லை. தூரத்தை அளக்கும் என்கோடரை மாற்றிக்குப் பின்னால் பொருத்துங்கள். சுமையைக் கணநேரம் விலக்கி, சக்கரங்கள் உருண்டுகொண்டிருக்கும்போது மட்டுமே கியரை மாற்றுங்கள்.