ரீசெட் ஊசியை எடுக்கும் முன்: டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6, குமரி மாவட்ட வீடுகளுக்கு எப்படி?

வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோனால் நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் உடனே தேடுவது ஒரு குண்டூசியைத்தான். ஃபைபர் மோடத்தின் பின்புறம் உள்ள ரீசெட் ஓட்டையில் குத்தி அழுத்தினால் காரியம் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அழுத்தினால் பாஸ்வேர்டு வரும், நெட் போய்விடும். மோடத்துக்குள் நெட் கம்பெனி போட்டுவைத்த பிபிபிஓஇ (நெட் கணக்கில் நுழையும் முறை) யூசர்நேம், அதன் பாஸ்வேர்டு, விலேன் எண் (லைனில் நெட்டுக்கு ஒதுக்கிய பிரிவின் எண்), லேண்ட்லைன் இருந்தால் அதன் செட்டிங் எல்லாமே பல மோடங்களில் அந்த ஓர் அழுத்தலில் அழிந்துவிடும். ஃபைபர் லைன் இருப்பதைக் காட்டும் பான் (PON) லைட் பச்சையாக நிற்கும், இன்டர்நெட் லைட் மட்டும் எரியாது. சில கம்பெனிகள் தங்கள் சர்வரிலிருந்தே செட்டிங்கைத் திரும்ப ஏற்றிவிடும். மற்றதெல்லாம் லைன் ஆள் வந்தால்தான் சரியாகும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் அவர் வர எத்தனை நாள் ஆகும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

தனி ரவுட்டர் வாங்குங்கள் என்று சொல்ல வேகத்தைவிடப் பெரிய காரணம் இதுதான். நெட் கணக்கு ஃபைபர் மோடத்தில் இருக்கட்டும், வைஃபை தனி ரவுட்டரில் ஓடட்டும். மோடத்தைத் தொடவே வேண்டாம். ரவுட்டரை ரீசெட் செய்தாலும் நெட் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. இந்த வேலைக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 கொள்ளாம். விலை பொதுவாக 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் என்று அட்டையில் போட்டிருப்பது காற்றில் போகும் உச்ச வேகக் கணக்கு. கையில் கிடைப்பது அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்பிபிஎஸ் பிளான் உள்ள வீட்டுக்கு அது தாராளம்.

மாட்டுவது எளிது. மோடத்தின் முதல் லேன் (LAN) போர்ட்டிலிருந்து ஒரு கேபிள், ரவுட்டரில் தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN) போர்ட்டுக்கு. இன்டர்நெட் வகை கேட்டால் ‘டைனமிக் ஐபி’. அவ்வளவுதான், பிபிபிஓஇ எதையும் இதில் தட்ட வேண்டாம். மோடத்தின் சொந்த வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். அணைக்காவிட்டால் பூட்டிய வீட்டில் பின்வாசல் திறந்து கிடக்கிற கதைதான், ஏனென்றால் அந்த வைஃபையின் பாஸ்வேர்டு பெரும்பாலும் மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பதே. லைன் ஆள் வரும்போது அதை அணைத்துத் தரச் சொல்லி, பிபிபிஓஇ விவரத்தையும் விலேன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு பெட்டி வைத்தால் வீட்டுக்குள் உள்ள ஐபி முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கும். வெளியிலிருந்து நேரடியாக போர்ட் திறந்து பார்க்கும் கேமராவுக்கும் சில ஆன்லைன் கேம்களுக்கும் அது இடைஞ்சல். ஆப் வழியாகப் பார்க்கும் கேமராவுக்கு ஒன்றும் ஆகாது.

இனி மறந்த பாஸ்வேர்டு. அதைத் திரும்ப எடுக்க ரீசெட் கடைசி வழி. வீட்டில் ஏதாவது ஒரு ஃபோனோ லேப்டாப்போ ஏற்கெனவே அந்த வைஃபையில் இணைந்திருந்தால் பாஸ்வேர்டு அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேற்பட்ட ஃபோன் என்றால் வைஃபை செட்டிங்கில் உங்கள் நெட்வொர்க்கின் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, ‘ஷேர்’ அல்லது க்யூஆர் கோடு. விரல்ரேகையோ பின்னோ கேட்கும். பல ஃபோன்களில் க்யூஆர் கட்டத்தின் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் வரும். சில ஃபோன்களில் கட்டம் மட்டும்தான் வரும். அப்போது அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் திறந்தால் உள்ளே இருக்கும் வரி தெரியும். அந்த வரியில் ‘P’ என்ற ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் வரும் இடத்துக்கு அடுத்து, அரைப்புள்ளி வரும் வரை உள்ளதுதான் பாஸ்வேர்டு. இதில் பலர் ஏமாறுவது ஒரு சின்ன இடத்தில்: பாஸ்வேர்டுக்குள்ளேயே அரைப்புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி இருந்தால் அதற்கு முன் இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று கூடுதலாக வரும். அது பாஸ்வேர்டில் சேராது, விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடுங்கள். ஃபோட்டோ பேக்கப்பில் ஏறி அங்கே கிடக்கும்.

ஐஃபோனில் ஐஓஎஸ் 16 முதல் நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘ஐ’ வட்டத்தைத் தொட்டு பாஸ்வேர்டு வரியைத் தொட்டால் போதும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய் உங்கள் நெட்வொர்க்கைத் திறங்கள். ‘வியூ வைஃபை செக்யூரிட்டி கீ’ அங்கே இருக்கும். விண்டோஸ் 10இல் கன்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் அண்டு ஷேரிங் சென்டருக்குப் போய், இணைப்பின் பெயரைத் தொட்டு, வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, பிறகு ‘ஷோ கேரக்டர்ஸ்’ டிக்.

எந்தக் கருவியும் இணைந்திருக்கவில்லை என்றாலும் வழி உண்டு. லேப்டாப்பை ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிளால் இணைத்தால் வைஃபை பாஸ்வேர்டே தேவையில்லை. பிரவுசரில் 192.168.0.1 என்று தட்டினால் சி6இன் பக்கம் திறக்கும். உள்ளே நுழைந்தால் வயர்லெஸ் பகுதியில் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தில் இருக்கும். ஆனால் நுழைவதற்கு ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு. சி6 முதல் தடவை திறக்கும்போதே நிர்வாகப் பாஸ்வேர்டைப் புதிதாக உருவாக்கச் சொல்லும், ‘அட்மின்–அட்மின்’ என்று விட்டுவைக்காது. இந்த ரவுட்டரை நான் மதிப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். அதையும் மறந்திருந்தால் அப்போதுதான் ரீசெட்.

ரீசெட் செய்யும் முன் ஒன்றைப் பாருங்கள். பெட்டியில் உள்ள டபிள்யூபிஎஸ்/வைஃபை பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் வைஃபையே அணைந்துவிடும். தூசி துடைக்கும்போது அழுந்தியிருக்கலாம், பிள்ளைகள் அழுத்தியிருக்கலாம். ஃபோனில் நெட்வொர்க் பெயரே காணோம் என்றால் அது பாஸ்வேர்டுக் கோளாறு அல்ல. அந்த பட்டனை இன்னொரு முறை அழுத்திப் பிடித்தால் திரும்ப வந்துவிடும்.

ரீசெட் செய்தே ஆகவேண்டும் என்றால் பவர் இருக்கும்போது ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, லைட்டுகள் மாறியதும் விடுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள், நடுவில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். அடியில் ஸ்டிக்கரில் உள்ள பெயரும் 8 இலக்கப் பாஸ்வேர்டும் திரும்ப வரும். பழைய பாஸ்வேர்டு பிறகு எங்காவது எழுதிவைத்த தாளில் கிடைத்தால், அதே நெட்வொர்க் பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு வகை என்று போட்டால் போதும். டிவி, கேமரா, சோலார் இன்வெர்ட்டர், பிரிண்டர் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெயரில் ஒரு எழுத்து பெரியது சிறியது மாறினாலும் ஒட்டாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் சிஸ்டம் பகுதியில் பேக்கப் கோப்பு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம், ரீசெட்டுக்குப் பின் அதை ஏற்றினால் எல்லாம் பழையபடி.

அந்த 8 இலக்கப் பாஸ்வேர்டோடு ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள். மொத்தம் 10 கோடி சேர்க்கைதான். உங்கள் ஃபோன் ரவுட்டரோடு கைகுலுக்கி இணையும் நொடியைப் பக்கத்தில் இருந்து ஒருவர் பதிவு செய்துகொண்டால், பிறகு அவர் உங்கள் வீட்டுப் பக்கமே வர வேண்டாம். தன் கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வினாடிக்கு 5 லட்சம் முயற்சி பெரிய விஷயமில்லை. அந்தக் கணக்கில் 10 கோடியும் 200 வினாடியில் முடியும். நம் ஊரில் இன்னொரு பழக்கம், மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாக வைப்பது. ‘மக்கா, வைஃபை பாஸ்வேர்டு என்னடே?’ என்று கேட்டால் பாதி வீடுகளில் பதில் அப்பாவின் நம்பர். இந்திய மொபைல் எண் 6, 7, 8, 9இல்தான் தொடங்கும் என்பதால் 400 கோடி சேர்க்கை, அதே வேகத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம். இதுவே எழுத்தும் எண்ணும் தாறுமாறாகக் கலந்த 12 இடப் பாஸ்வேர்டு என்றால் மூன்று லட்சம் ஆண்டுக்கு மேல். நினைவில் வைக்கச் சிரமம் என்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். ஊர்ப்பெயர், பிள்ளை பெயர், வண்டி நம்பர் வேண்டாம். நெட்வொர்க் பெயரிலும் வீட்டுப் பெயரைப் போடாதீர்கள்.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2–ஏஇஎஸ் குறைந்தபட்சம். டபிள்யூபிஏ3 வந்தது 2018இல், மேலே சொன்ன மாதிரி பதிவு செய்து உடைக்கும் வேலை அதில் நடக்காது. சி6இன் எல்லாப் பதிப்பிலும் அது இருக்காது. இருந்தால் 2–3 கலந்த வகையைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய டிவியும் மலிவான கேமராவும் இணையாது. ஆனால் கலந்த வகையில் பழைய வழியும் திறந்தே இருக்கும், ஆகவே நீளமான பாஸ்வேர்டு அப்போதும் தேவை. டிகிப் என்ற வகையைத் தொடாதீர்கள், பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும்.

பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, மீதியை முதல் 4, அடுத்த 3 என்று இரண்டு துண்டாகச் சோதிக்கிறது. அதனால் 11,000 முயற்சிக்குள் உடைந்துவிடும். 2011 டிசம்பரிலேயே வெளிவந்த ஓட்டை இது. வெளியிலிருந்து ரவுட்டர் செட்டிங்கைத் திறக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்டும், தேவையில்லை என்றால், கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யூபிஎன்பியும் அணைந்திருக்கட்டும். நெட்வொர்க் பெயரை மறைப்பதும், கருவியின் மேக் முகவரியைப் பார்த்து உள்ளே விடும் மேக் ஃபில்டரும் வீண் வேலை. மறைத்த பெயர் இணையும்போது காற்றில் தெரியும், மேக் முகவரியை யாரும் மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்களே முகவரியை மாற்றிக் காட்டுவதால் ரவுட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியலில் தெரியாத பெயர் தெரிந்தவுடன் திருடன் என்று பதற வேண்டாம். வீட்டு ஃபோன்களை ஒவ்வொன்றாக அணைத்துச் சரிபார்த்த பின்னும் ஒன்று மிச்சம் நின்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். உங்கள் இணைப்பில் யாராவது வம்பு செய்தால் ஐபி முகவரி வழியாகத் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான்.

சி6இன் கெஸ்ட் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது. விருந்தாளிக்கும், கன்னியாகுமரியில் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கும் இதைத்தான் கொடுக்க வேண்டும். கெஸ்ட்டுகள் ஒருவரையொருவர் பார்ப்பது, வீட்டு நெட்வொர்க்கைத் தொடுவது இரண்டையும் அனுமதிக்கும் டிக் தனித்தனியாக உண்டு, இரண்டையும் போடாமல் விடுங்கள். சபரிமலை சீசனில் வந்து போகும் கூட்டத்துக்கு ஒரு கெஸ்ட் பாஸ்வேர்டு வைத்து, சீசன் முடிந்ததும் அதை மட்டும் மாற்றினால் வீட்டில் எதையும் தொட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் ஓட்டினால் முகவரி கொடுப்பது மோடம் ஆகிவிடும், அப்போது இந்தப் பிரிப்பை நம்ப வேண்டாம்.

குறைகளும் உண்டு. இது வைஃபை 5 தலைமுறை, வைஃபை 6 இல்லை. மார்த்தாண்டம் பக்கத்து வெட்டுக்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் சோர்ந்துவிடும், கான்கிரீட் தளத்துக்கு மேல் மாடியில் இன்னும் மோசம். 2.4 போய்ச்சேரும். வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்கும் குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் 2.4இல் நெரிசல் அதிகம், சேனலை 1, 6, 11இல் ஒன்றில் கையால் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அங்கே உப்புக்காற்றில் லேன் கேபிளின் முனைத் தகடுகள் பச்சை பிடிக்கும். நெட் விட்டுவிட்டு வந்தால் ரவுட்டரைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சித்திரை வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசி இடியிலும் அடாப்டர் பிளக்கோடு மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கேபிளையும் கழற்றுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்றாலும், அதைத் தாங்கும் கம்பி பெரும்பாலும் உலோகம்.

வாங்கும்போது பெட்டியின் ஸ்டிக்கரில் ஹார்டுவேர் பதிப்பு எண்ணைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 உண்டா என்பதும், எந்த ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற வேண்டும் என்பதும் அதைப் பொறுத்துத்தான். வேறு பதிப்பின் ஃபர்ம்வேரை ஏற்றினால் பெட்டி செத்துவிடலாம். பழைய ரவுட்டர் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே ரீசெட் செய்து, பத்து நொடிக்குப் பின் லைட் மாறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடாப்டர் 12 வோல்ட்டுக்குரியதாகவும், அதன் ஆம்பியர் ரவுட்டரின் அடியில் உள்ள எண்ணுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.