கணபதியில் ஒரு மெகர், கடலுக்கடியில் ஒரு மெகர்

அக்கா மகன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருக்கிறான். ஊர் பெருந்துறைப் பக்கம். கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலின் ஆயுதக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பராமரிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. "ஃபயர் கன்ட்ரோல், மாமா" என்றான். கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய அம்மிச்சி, "தீயணைக்கிற வேலைக்கு எதற்குச் சாமி கடலுக்குள் போக வேண்டும்?" என்றார். இங்கே ஃபயர் என்பது ஆயுதத்தை ஏவுவது என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

இன்னொரு வழி, என்னோடு கோவையில் கணபதி பகுதிக்கு வருவது. நான் பட்டறைகளில் சி.என்.சி. இயந்திரங்களின், அதாவது கணினி சொல்படி உலோகத்தை வெட்டும் இயந்திரங்களின், கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பழுது பார்ப்பவன். இரண்டையும் எடை போட்டுச் சொல்லுங்கள் என்று அக்கா கேட்டார்.

முதலில் கடல் வேலை. நீர்மூழ்கி ஒளிந்து வாழும் கப்பல். அதிகம் சத்தம் போடாமல் காது கொடுத்துக் கேட்கும். அப்படிக் கேட்டால் எதிரிக் கப்பல் இருக்கும் திசை தெரியும், தொலைவு தெரியாது. இரவில் தோட்டத்தில் நின்று சாலையில் போகும் லாரியின் சத்தத்தைக் கேட்பது போலத்தான். அது எவ்வளவு தூரத்தில் போகிறது என்று அறிய நாமும் கொஞ்சம் நகர்ந்து பார்க்க வேண்டும். நீர்மூழ்கியும் போக்கை மாற்றி மறுபடி கேட்கும். திசை எப்படி மாறிக்கொண்டே வருகிறது என்பதிலிருந்து எதிரியின் தொலைவு, வேகம், போக்கு மூன்றையும் கணினி கணித்து, நீருக்கடியில் பாய்ந்து போய் வெடிக்கும் டார்பிடோவுக்கு வழி சொல்லும். 2017 டிசம்பர் முதல் 2025 ஜனவரி வரை நம் கடற்படையில் சேர்ந்த கல்வாரி வகை நீர்மூழ்கிகள் ஆறிலும் இதைச் செய்வது சப்டிக்ஸ் என்ற அமைப்பு.

அமெரிக்கக் கடற்படையில் இதற்கு ஃபயர் கன்ட்ரோல் டெக்னீஷியன் என்று தனித் தொழிலே உண்டு. நீர்மூழ்கியிலிருந்து ஏவும் டிரைடென்ட் ஏவுகணைக்கு வேறு ஆட்கள். அக்கா மகன் பார்த்த காணொளி அந்த டெக்னீஷியன் வேலையைப் பற்றியதுதான். அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாமல் அங்கே நுழைய முடியாது என்பதால் அந்தப் பேச்சை அதோடு விட்டோம். நம் கடற்படையில் இத்தகைய கருவிகள் மின்பிரிவின் பொறுப்பு. அதற்கான பயிற்சிப் பள்ளி ஜாம்நகரின் ஐ.என்.எஸ். வல்சுரா.

என் வேலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பழுதை வைத்துச் சொல்கிறேன். போன ஐப்பசி அடைமழையில் ஒரு பட்டறையில் இயந்திரம் அரை மணிக்கு ஒருமுறை நின்றது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். வயரின் உறையில் மின்சாரம் கசிகிறதா என்று அளக்கும் மெகரை வைத்துப் பார்த்தால், ஒரு மோட்டார் வயரில் இன்சுலேஷன் இறங்கியிருந்தது. கனெக்டரைக் கழற்றினேன், உள்ளே இயந்திரத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கசிந்து, ஒரு பின்னில் பச்சையாகப் பூத்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காய வைத்ததும் ஓடியது. ஒருவேளை போர்டுதான் போயிருந்தால்? பெங்களூருக்கு போன், மறுநாள் காலை கூரியர். நீருக்கடியில் கூரியர் வராது. ஈரக் காற்று, உப்பு, நெருக்கம், அலமாரியில் இருக்கும் உதிரி போர்டுகள், கையில் ஒரு மெகர். கல்வாரியில் ஆட்களே சுமார் 43 பேர்தான். பழுதைக் கண்டுபிடிக்கும் மூளை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அங்கே பழகியவனுக்கு ஊகத்தில் போர்டு மாற்றும் கெட்ட பழக்கம் வராது. எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது, எனக்கும் சேர்த்துத்தான்.

இனி கணக்கு. படைகளுக்கு ஆள் எடுக்க 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டப்படி பணி நான்கு ஆண்டு. மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000. இதில் 30 சதவீதம் நிதிக்குப் பிடித்தம் போக முதலாண்டில் கைக்கு வருவது 21,000. பிடித்ததற்குச் சமமாக அரசும் போடுவதால் வெளியே வரும்போது வட்டி நீங்கலாகச் சுமார் 10 லட்சம் கிடைக்கும். ஓய்வூதியம் கிடையாது. நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். முன்பு எஸ்.எஸ்.ஆர். என்ற பிரிவில் சேர்ந்த மாலுமிக்குப் பணி 15 ஆண்டு. இந்த நான்காண்டில் கல்யாணமும் கூடாது. அக்காவின் முகம் சுருங்கியது இந்த இடத்தில்தான்.

கணபதியில் முதல் ஆண்டு அந்த 21,000 வராது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஐந்தாம் ஆண்டில் கைத்தொழிலோடு சொந்த வாடிக்கையாளர்களும் இருப்பார்கள்.

சூலூர் விமானப்படைப் பணிமனையைக் காட்டி அங்கே சேர்க்கலாமே என்றார் அத்தான். விமானப்படை வீரனாகச் சேர்ந்தாலும் அதே நான்காண்டுதான். சேர்ந்தால் சூலூரிலேயே போடுவார்கள் என்பதும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஒடிசாவின் சில்காவில் அடிப்படைப் பயிற்சி, பிறகு தொழிற்பயிற்சி, விருப்பம் கொடுத்துத் தேர்வானால் விசாகப்பட்டினத்தின் ஐ.என்.எஸ். சாதவாகனாவில் நீர்மூழ்கிப் பயிற்சி, அதன் பின் கப்பலிலேயே படித்துத் தேறி, நீர்மூழ்கி வீரர்கள் அணியும் டால்பின் சின்னம். இத்தனையும் ஏறி முடிப்பதற்குள் நான்காண்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். தொடர்ந்து இருக்கும் நால்வரில் ஒருவனாவேன் என்ற பிடிவாதம் இருந்தால் போகலாம். இல்லையென்றால் என் மெகரைத் தூக்கிக்கொண்டு வரலாம்.

முடிவு செய்யும் முன் அவனை ஈரோட்டில் தன்பாத் ரயில் ஏற்றி விசாகப்பட்டினம் கூட்டிப்போனேன். கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா அருங்காட்சியகமாக நிற்கிறது; 1969இல் படையில் சேர்ந்த கப்பல், நீளம் 91 மீட்டர். வட்டக் கதவுகளில் குனிந்து குனிந்து நுழைந்தோம். பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்து மூச்சு முட்டியது. அவன் ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, வயர்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

விண்ணப்பம் போட்டுவிட்டான். அம்மிச்சியிடம் கப்பல் வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அது எங்கே மிதக்கும் என்று அவர் இன்னும் கேட்கவில்லை.