பட்டாளத்துத் தாத்தாவின் மெடலுக்கு ஃபிரேம் போட்ட கதை

மதுரையில் பழைய போட்டோ, மெடல் இதற்கெல்லாம் நல்ல ஃபிரேம் கடை எது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சின்னக் கடை. கொஞ்சம் திட்டவும் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு இன்றும் பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர். தாத்தா இரண்டாம் உலகப்போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது இதுதான் வேலை. (1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ பக்கம் வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி, இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியனும் இதே படைதான்.) அதே இத்தாலியில் காசினோ சண்டையில் 4வது இந்திய டிவிஷன் நியூசிலாந்து ஜெனரல் ஃப்ரேபெர்க்கின் கீழ்தான் சண்டை போட்டது, டாங்கி ஏறுவதற்கு மலையில் பாதை வெட்டியது நம் சாப்பர்களும் நியூசிலாந்துக்காரர்களும் சேர்ந்து. எங்களிடம் இருக்கிற ஒரே போட்டோவில் தாத்தா பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார், தோள்பட்டையில் நியூசிலாந்து என்று பொடி எழுத்து, லென்ஸ் வைத்தால்தான் தெரியும்.

அந்த எழுத்தைத்தான் கடையில் கெடுத்துவிட்டார்கள். "தெளிவாக்கித் தர்றேன் தம்பி" என்று வாங்கி, ஏதோ ஏஐ ஆப்பில் போட்டு எடுத்திருக்கிறார்கள். முகத்தில் மைதா பூசின மாதிரி, தாத்தாவின் அம்மைத் தழும்பைக் காணோம், காக்கிச் சட்டை பச்சையாகிவிட்டது, தோள்பட்டையில் எந்த மொழியிலும் சேராத கிறுக்கல். "பளிச்சுனு இருக்கே" என்கிறார் கடைக்காரர். அண்ணே, அந்த ஆள் எந்த நாடு என்பதற்கு எங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த எழுத்துதான் என்றேன். கொஞ்ச நேரம் ஒரிஜினலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாமல் திரும்ப ஸ்கேன் செய்து, நடுவில் விழுந்த மடிப்பை மட்டும் சரிசெய்து கொடுத்தார், காசு கேட்கவில்லை.

மெடல் வேலை மட்டும் அபாரம். பாலிஷ் போடவா என்று கூடக் கேட்கவில்லை, அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும் என்றார். கம் ஒட்டாமல் வெல்வெட்டில் நூலால் தைத்திருக்கிறார். இத்தாலிச் சண்டைக்குக் கொடுத்த இத்தாலி ஸ்டார் மெடலுக்குப் பழைய ரிப்பனே இருந்தது, சிவப்பு வெள்ளை பச்சை வெள்ளை சிவப்பு, அந்த ஊர்க் கொடியின் நிறம். ஆப்பிரிக்கா ஸ்டாரின் ரிப்பனை அப்பத்தா எந்தக் காலத்திலோ கன்றுக்குட்டி கழுத்தில் கட்டிவிட்டதாம். யூனிஃபார்ம் சாமான் விற்கிற ஆளிடம் சொல்லி வரவழைத்தார், மூன்று வாரம் ஆனது. வட்டமான வார் மெடலை நடுவில் வைத்தால் அழகு என்று ஒரு தரம் அடம்பிடித்தார். முறையான வரிசை 1939-45 ஸ்டார், ஆப்பிரிக்கா, இத்தாலி, கடைசியில்தான் அது என்று எழுதிக் கொடுத்தேன். சரி என்று மாற்றித் தைத்தார்.

மொத்தம் 2,800 ரூபாய். கண்ணாடி கொஞ்சம் மினுக்குகிறது, ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். போட்டோ கொடுக்கும்போது 'ஆப்பில் போட வேண்டாம்' என்று கவர் மேலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது.