24 அங்குலத்தின் பக்கத்தில் எது பொருந்தும்? பக்க வடிவமைப்பாளருக்கான பெரிய மானிட்டர்: ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையில் வீட்டின் முன்னறையையே அலுவலகமாக்கி, நூல்களுக்குப் பக்கம் வடிவமைப்பதையும் மெய்ப்புத் திருத்துவதையும் தொழிலாகச் செய்துவருகிறேன். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள மேசையின்மேல் இரண்டு 24 அங்குல முழு எச்.டி. (1920க்கு 1080 பிக்சல்) மானிட்டர்கள் பல ஆண்டுகளாக அருகருகே இருந்தன. அவற்றுள் ஒன்று ஓரங்களில் மங்கத் தொடங்கிவிட்டதால், அந்த இடத்துக்குப் பெரியதாக ஒன்று வாங்க முடிவு செய்தேன். மற்றொன்று நன்றாக இருக்கிறது. அதைத் தூக்கிப்போட மனமில்லை. ஆகையால் கடையில் தனியாக நின்று பளபளக்கும் மானிட்டர்களுள் எது சிறந்தது என்பதைவிட, இந்தப் பழைய 24 அங்குலத்தின் பக்கத்தில் எது ஒத்துப்போகும் என்பதே எனக்கு முதல் கேள்வியாயிற்று.

தமிழ் எழுத்தை நாள் முழுவதும் பார்ப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அடர்த்தி, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி) என்பது. பழைய தலபுராணப் பதிப்பு ஒன்றை ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். வழியாக எழுத்தாக மாற்றினால், துணைக்காலுக்குப் பதில் ரகரம் வந்து விழுவது வழக்கம். ‘காலம்’ என்பது ‘கரலம்’ என்றும், ‘பாடல்’ என்பது ‘பரடல்’ என்றும் நிற்கும். ரகரத்தின் அடியில் இருக்கும் அந்தச் சிறு சாய்கோடு ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அடிக்குறிப்பில் 9 பாயிண்ட் அளவில் எழுத்து இருக்கும்போது, முழு எச்.டி. கொண்ட 24 அங்குலத்தில் அந்தச் சாய்கோடு ஒரு சாம்பல் நிழலாகவே தெரிகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும், ணகர னகரச் சுழிகளும் அவ்வாறே. பக்கத்தை 200 விழுக்காடு பெரிதாக்கிப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம், ஆனால் பக்கத்தின் அமைப்பு கண்ணைவிட்டுப் போய்விடும், 300 பக்க நூலில் கையும் ஓய்ந்துவிடும்.

இதைக் கணக்காகவும் சொல்லிவிடலாம். 24 அங்குலம் என்று விற்கப்படுவதன் உண்மையான மூலைவிட்டம் பெரும்பாலும் 23.8 அங்குலம், முழு எச்.டி.யில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 93 பிக்சல் வருகிறது. 72 பாயிண்ட் ஓர் அங்குலம் என்பதால், 9 பாயிண்ட் எழுத்தின் முழு உயரத்துக்கு 11 அல்லது 12 பிக்சல்தான் கிடைக்கும். அதற்குள் மேல்விலங்கும், எழுத்தின் உடலும், கீழிறங்கும் வாலும் அடங்க வேண்டும். 2560க்கு 1440 பிக்சல் கொண்ட 27 அங்குலத்தில் அடர்த்தி 109. 9 பாயிண்டுக்கு 13 அல்லது 14 பிக்சல். 32 அங்குலம் எனப்படும் 31.5 அங்குல 4கே (3840க்கு 2160 பிக்சல்) மானிட்டரில் அடர்த்தி 140. பிக்சல் 17 அல்லது 18. 27 அங்குல 4கே மானிட்டரில் அடர்த்தி 163, பிக்சல் 20. கூர்மை ஒன்றே அளவுகோலானால் 27 அங்குல 4கேதான் முதலிடம் பெறும். 32 அங்குலத்தில் 2560க்கு 1440 மட்டும் கொண்ட மானிட்டர் விலை குறைவாக இருந்து ஆசை காட்டும். ஆனால் அதன் அடர்த்தி மீண்டும் அதே 93. இடம் பெருகும், எழுத்து ஓர் இம்மியும் தெளியாது. மெய்ப்புத் திருத்துபவர் அதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது உயரம். ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. என் பழைய மானிட்டரின் திரை உயரம் 29.6 செ.மீ. தாளை எடுத்து மானிட்டரின்மேல் வைத்துப் பார்த்தபோது, ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெனுவும் கீழ்ப்பட்டையும் எடுத்துக்கொள்ளும் இடம் போக, ஒரு முழுப் பக்கத்தை உண்மை அளவில் நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. 27 அங்குலத்தில் உயரம் 33.6 செ.மீ.; ஏ4 பக்கம் நெருக்கியடித்து உட்காரும். 32 அங்குலத்தில் 39.2 செ.மீ. உயரமும் 69.7 செ.மீ. அகலமும் இருப்பதால், எதிரெதிர் இரு ஏ4 பக்கங்கள் உண்மை அளவில் 42 செ.மீ. அகலத்தில் விரிந்து நின்ற பிறகும், ஓரத்தில் கருவிப் பலகைகளுக்குத் தாராளமாக இடம் மிஞ்சுகிறது.

34 அங்குல அகலத் திரையை நண்பர்கள் பலர் பரிந்துரைத்தார்கள். 3440க்கு 1440 என்ற அளவில், நடுவில் சட்டமே இல்லாமல் இரண்டு மானிட்டர் வேலையை அது ஒன்றே செய்யும் என்பது உண்மைதான். கணக்கு ஏடுகளையும் ஒளிப்படத் தொகுப்பையும் கையாள்பவருக்கு அது நல்ல துணை. ஆனால் அதன் உயரம் 33 செ.மீ. சொச்சம்தான், 27 அங்குலத்தை இரு பக்கமும் இழுத்துவிட்டது போன்றது. அடர்த்தியும் 110ஐத் தாண்டுவதில்லை. நூல் பக்கம் நின்ற வாக்கில் அமைவது. அதற்கு வேண்டிய உயரத்தைக் கொடுக்காமல் அகலத்தை அள்ளிக் கொடுப்பதால் எனக்கு என்ன பயன்? 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்துவிட்டதால், விலையைக் காட்டி அதை ஒதுக்க வேண்டியதில்லை. வடிவத்தைக் காட்டியே ஒதுக்குகிறேன்.

43 அங்குல 4கே டி.வி.யை மானிட்டராக வைத்துக்கொள்வோரும் நம் பக்கத்தில் உண்டு. அடர்த்தி 104 அளவில் நிற்கும். பல டி.வி.கள் வண்ணத் தகவலைப் பாதியாகச் சுருக்கிக் காட்டுவதால் சிவப்பு எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். கணினிக்கான தனி அமைப்பு இருந்தால்தான் சீராகும். கை எட்டும் தூரத்தில் அதன் மேல் விளிம்பைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்துகொண்டே இருக்க வேண்டும். என் வேலைக்கு ஆகாது.

எஞ்சியவை 27 அங்குல 4கே, 32 அங்குல 4கே. பழைய 24 அங்குலத்தோடு இவை இழைவதைப் பார்ப்போம். விண்டோஸில் எழுத்தையும் சாளரங்களையும் பெரிதாக்கிக் காட்டும் அளவை 32 அங்குல 4கேக்கு 150 விழுக்காடாக வைத்தால், 140ஐ 1.5ஆல் வகுக்க 93 வருகிறது. பக்கத்து மானிட்டரின் அடர்த்தியும் அதுவே. ஒரு சாளரத்தை இங்கிருந்து அங்கே இழுத்தால் எழுத்தின் அளவு மாறாது. கூர்மை மட்டுமே மாறும். 27 அங்குல 4கேயிலும் 175 விழுக்காடு வைத்தால் அதே 93 கிடைக்கும். ஆனால் அப்போது வேலைக்குக் கிடைக்கும் பரப்பு 2194க்கு 1234 அளவாகச் சுருங்கிவிடும். 32 அங்குலத்தில் அது 2560க்கு 1440. எழுத்து அளவு ஒன்றே, இடம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் என்பதால் என் தராசு 32 பக்கம் சாய்ந்தது. கண் இளமையாக இருந்து, 150 விழுக்காட்டிலேயே 27 அங்குலத்தைப் படிக்க முடிந்தால், விலையும் குறைவான அதையே எடுத்துக்கொள்ளலாம். கூர்மையில் அதை மிஞ்ச இந்த வரிசையில் வேறொன்றில்லை.

வாங்கிவந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். மானிட்டரை மாட்டியதும் மௌஸ் அம்பு தண்ணீருக்குள் நகர்வதுபோல இழுத்து இழுத்து வந்தது. பழுதான பொருளைத் தந்துவிட்டார்கள் என்று மனம் வெதும்பி, வண்ணார்பேட்டைக் கடைக்கே திரும்ப எடுத்துப்போனேன். கடைப் பையன் மாட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, மானிட்டர்ல ஒரு கோளாறும் இல்ல, நீங்க எந்த போர்ட்ல, எந்தக் கேபிள்ல மாட்டுனீங்க?” என்று கேட்டான். என் கணினியின் எச்.டி.எம்.ஐ. துளை 1.4 தரத்தது, 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அது அனுப்பும். 60 முறை வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும். அதே கணினியில் டிஸ்பிளேபோர்ட் துளை சும்மாதான் கிடந்தது. அதில் மாட்டியதும் அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. 4கே வாங்கப்போகிறவர் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் கணினியின் பின்புறத்தைப் பார்த்துக்கொள்வது நலம்.

பேனல், அதாவது படத்தைக் காட்டும் உள்தகடு, ஐ.பி.எஸ். வகையாக இருந்தால் போதும். வி.ஏ. வகையில் கறுப்பு இன்னும் ஆழமாக இருக்கும். ஆனால் 32 அங்குலத்தை அருகிலிருந்து பார்க்கையில் ஓரங்களில் வண்ணச் சாயல் மாறுகிறது. ஓ.எல்.இ.டி.யில் கருவிப் பலகைகள் நாள் முழுவதும் அசையாமல் நின்றால் தடம் படியும் அபாயம் இருப்பதால் ஒதுக்கிவிட்டேன். மேற்குப் பார்த்த சன்னல் உள்ள வீடுகளில் பிற்பகல் வெயில் நேரே வந்து அடிக்கும். மங்கல் பூச்சுள்ள தட்டைத் திரை நல்லது.

இப்போது 32 அங்குலம் நடுவிலும், பழைய 24 அங்குலம் இடப்பக்கம் நின்ற வாக்கிலும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 104 செ.மீ. அளவில் அடங்கிவிட்டன. நிற்பதில் ஸ்கேன் செய்த மூலப் பக்கம், நடுவில் புதிய பக்கம். பெரிய மானிட்டரோடு வந்த தாங்கி 2 அடி மேசையில் திரையை முகத்துக்கு அருகே தள்ளியதால், மேசை விளிம்பைக் கவ்வி மானிட்டரைத் தாங்கும் கை ஒன்றை வாங்கி, ஏறத்தாழ 70 செ.மீ. தூரத்துக்குப் பின்னுக்கு நகர்த்தினேன். மானிட்டரின் முதுகில் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா, கை அந்த எடையைத் தாங்குமா என்பதை முன்பே பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் வேலையிலிருந்தே ஒரு பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக்கி, அடிக்குறிப்புகள் நிறைந்ததாகப் பார்த்துப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு ஏ4 தாளும் இருக்கட்டும். கடைக்காரர் ஓடவிடும் அருவிப் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை உண்மை அளவில் திறந்து, தாளை மேலே வைத்து அளவு ஒத்துவருகிறதா என்று சரிபார்த்த பின், இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்த தூரத்திலிருந்து ரகரத்தின் கீழ்ச்சாய்வு தெரிகிறதா என்று பாருங்கள்.